தனக்கொடிக்குச் சந்தை கொடுத்த மரியாதை

ஏம்பலம்,
3.2.2025

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

அப்பா எழுதுவது. கரும்பு வெட்டு முடிந்தது, நான் நலம். உன் அம்மாதான் என்னோடு பேசுவதில்லை.

சந்தையில் கடை போடுகிறவர்களிடம் அடிக்காசு வசூலிக்கும் குத்தகையை இந்த வருஷம் நான் ஏலத்தில் எடுத்தேன் அல்லவா? கத்தரிக்காய்க் கூடையோடு வரும் உன் அம்மாவிடம் காசு கேட்கக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். மறுவாரம் கருவாடு விற்கும் விருத்தாம்பாள் மடக்கிவிட்டாள். “உன் வூட்டுக்காரிக்கு இல்லாத காசு எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு?” பாதிப் பேர் தரவில்லை. வேறு வழியில்லாமல் எல்லார் எதிரிலும் உன் அம்மாவிடம் கையை நீட்டினேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். இப்போது காய் விற்க வில்லியனூர் சந்தைக்கு பஸ் ஏறுகிறாள். வீட்டில் எனக்குச் சோறு மட்டும் மூடி வைக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை அம்மா.

பழைய கிரேக்கத்துச் சுங்கத்தைத்தானே படிக்கிறாய்? அந்த வரிக்காரர்கள் பெண்டாட்டியோடு எப்படிக் குடும்பம் நடத்தினார்களாம்?

உன் அப்பா,
தணிகைவேல்

ஏதென்ஸ்,
20.2.2025

என் செல்ல அப்பாவுக்கு,

நூலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெண்டாட்டிகளைப் பற்றிக் கல்வெட்டில் ஒன்றும் இல்லை. அவர்களும் உங்களைப் போல ஏலம் எடுத்துத்தான் வசூலித்தார்கள், ஊரிடம் திட்டு வாங்கினார்கள். ஆனால் ஒருவருக்கு வரி வேண்டாம் என்று சொல்வது குத்தகைக்காரர் கையில் இல்லை. ஊருக்கு நல்லது செய்தவருக்குச் சபை கூடி அதை மரியாதையாகக் கொடுக்கும், கல்லிலும் வெட்டி வைக்கும். ஊர் கொடுக்க வேண்டியதை நீங்களே கொடுத்து, நாலு பேர் முன்னால் நீங்களே பிடுங்கிவிட்டீர்கள். அம்மா பாவம். எனக்கும் உங்கள்மேல் கோபந்தான்.

அன்பும் அதட்டலுமாக,
வெண்ணிலா

ஏம்பலம்,
12.3.2025

என் கண்ணு வெண்ணிலாவுக்கு,

உன் கடிதத்தைச் சந்தையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், திட்டையும் சேர்த்துத்தான். விருத்தாம்பாள் எழுந்து, போன புயலில் சந்தைக்காரர் அத்தனை பேருக்கும் கஞ்சி ஊற்றியவள் தனக்கொடி, அவளுக்கு அடிக்காசு வேண்டாம் என்றாள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். விருத்தாம்பாளே வீட்டுக்கு வந்து சேதி சொல்லி, அடுத்த சந்தைக்கு உன் அம்மாவைக் கையோடு கூட்டிவந்தாள்.

உன் அம்மா பழைய இடத்தில் கூடையை இறக்கினாள். சுருக்குப்பையை அவிழ்த்து என்னிடம் காசை நீட்டினாள்.

“அவங்க குடுத்த மரியாதய வாங்கிக்கினேன். நீ காசப் புடி. சீட்டக் கிழிச்சிக் குடு.”

இத்தனை நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு. காசை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அன்று யாரும் காசு தர முரண்டு பிடிக்கவில்லை.

திரும்பும்போது காலிக் கூடையை என் தலையில் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். சந்தையே பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று பின்னாலேயே வந்தேன்.

சந்தோஷத்துடன்,
அப்பா