நான் சேர்த்த ஜோடி

கார்த்திகை 9, செவ்வாய்.

நானும் எழுதப் படிக்கக் கற்கும் எங்கள் முதியோர் வகுப்பில் நாடகம் எழுதும் போட்டி நடத்துகிறேன். நான்கு வாரம், இரண்டு பேருக்கு ஒரு நாடகம். கரும்பு வெட்ட ஆள் விடும்போது வேகமான ஆளோடு மெதுவான ஆளைத்தான் சேர்ப்பேன். அதே பழக்கத்தில், வேகமாக எழுதும் செல்வியோடு பச்சையம்மாளைச் சேர்த்துவிட்டேன்.

இன்று இரண்டாவது வாரம். அதற்குள் இவர்கள் இருவரும் ஆறு பக்கம் எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். மாமியாரும் மருமகளும் ஒரே போனுக்குச் சண்டை போடும் கதை. எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாள் மட்டும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாம்மா, அதுக்குள்ள கெளம்பிட்ட?"

"கதை சொல்ல இங்க எதுக்குண்ணே வரணும்? களை எடுத்துக்கினே தெனமும் சொல்றேன். எழுதத்தான் வந்தேன். இந்த ஆறு பக்கத்துல நான் எழுதுன எழுத்து ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்."

"அந்தம்மா ஒரு வரி எழுதறதுக்குள்ள பொழுது பூடுதே, பெரியப்பா" என்றாள் செல்வி.

"இனிமே நான் வரல" என்று பச்சையம்மாள் போய்விட்டாள்.

கரும்பை யார் வெட்டினாலும் கட்டு கட்டுதான். எழுத்து அப்படி இல்லை என்று எனக்குத் தோன்றாமல் போனதே.

காலையில் அவள் வேலைக்குப் போவதற்குள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். இனி அவள் எழுதட்டும், செல்வி சொல்லட்டும். நான்கு வாரம் எட்டு வாரம் ஆனாலும் ஆகட்டும். வருவாளா, தெரியவில்லை.

இந்தப் பக்கத்தை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் யாராவது பேனாவை வாங்கியிருந்தால் நானும் எழுந்துதான் போயிருப்பேன்.