அப்பாவுக்குத் தனிக் கோப்பை வைத்த கதை

பொகவந்தலாவை

அன்பு மகள் ரஜிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், மழை எங்களைவிட நலம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மா துணை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதற்கு மேல் அழுவேன், அதனால் எழுதுகிறேன். தம்பி வினோஜன் இதைப் படம் பிடித்து அனுப்புவான்.

கோயில் மண்டபத்தில் ரத்ததானம் நடந்தது. பிஸ்கட் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு உன் அப்பா முதல் ஆளாகப் போய்ப் படுத்தார். மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனவரிடம், ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது, சத்தமில்லாமல் பல வருஷம் இருந்து ஈரலைக் கெடுக்கும், வீட்டில் எல்லாரும் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் சும்மா இருப்பேனா? மஞ்சள் காமாலைக்குச் செய்கிற மாதிரி தட்டு வேறு, கோப்பை வேறு, கருவாடு கிடையாது, விடிந்தால் கீழாநெல்லிச் சாறு. அடையாளத்துக்குக் கோப்பையில் சிவப்பு நூலும் கட்டினேன். என்னக்கா, அண்ணன தள்ளி வச்சிட்டீங்களா என்று பக்கத்து வீட்டு அன்னம்மா கேட்டாள், லயத்து வீடுகள் முழுக்கச் சிரிப்பு. ஆனால் பரிசோதனைக்கு மட்டும் நான் போகவில்லை. கொழுந்தெடுக்கப் போகணும், பெரட்டில் பேர் கொடுக்க நேரமாச்சு, எனக்கென்ன கேடு என்று இரண்டு வாரம் ஏமாற்றினேன். கடைசியில் அப்பாதான் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

தம்பிக்கு இல்லை, அவன் குழந்தையிலேயே தடுப்பூசி போட்டவன். எனக்கு இருக்கிறது. அதிலும் அப்பாவுக்கு இப்போது மருந்தே வேண்டாமாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் மாத்திரை எனக்குத்தான். கோப்பையிலும் சோற்றிலும் இது ஒட்டாது, ரத்தத்தில் ஒட்டும், புருஷன் பெண்டாட்டிக்குள் ஒட்டும், பெறும்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்று டாக்டரம்மா சொன்னார். பஸ் இறங்கியதும் அப்பா கருவாடு வாங்கி வந்து தானே பொரித்துச் சாப்பிட்டார்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. உன்னைப் பெறும்போதே எனக்கு இருந்திருந்தால் உனக்கும் வந்திருக்கலாம், உன் காலத்தில் இங்கே அந்த ஊசி இல்லை. கண்ணு, நாளைக்கே டாக்டரிடம் போய், அம்மாவுக்கு இருக்கிறது என்று வெட்கப்படாமல் சொல்லி ரத்தம் பார். உனக்கு இருந்தாலும் பயப்படாதே, பிறந்த அன்றைக்கே ஊசி போட்டால் பிள்ளைக்கு வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாமாம். மாப்பிள்ளை சுதாகரனும் ரத்தம் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். முடிவு எதுவானாலும் முதலில் எனக்குச் சொல். என்னிடமிருந்து உனக்கு என் நிறம் வந்தது, என் கோபம் வந்தது. தெரியாமல் இதுவும் வந்திருந்தால் அம்மாவை மன்னித்துக்கொள். பேரப்பிள்ளைக்குக் கோபம் மட்டும் போதும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா
பேச்சியம்மா