திருப்பிக் கேட்ட மீன்

நவம்பர் 14, வெள்ளி.

காலையில் பக்கத்து வீட்டு ஹாஜராவுக்கு நான்கு திலாப்பியா மீன் கொடுத்தேன். அவருடைய மகள் பிரசவத்துக்காக வந்திருக்கிறாள். பிறகு வலையைக் கழுவும்போதுதான் சந்தேகம் வந்தது. என்னுடைய இரண்டு சீமெந்துத் தொட்டிகளில் ஒன்றில் சில மீன்களுக்குப் புண். அந்தத் தொட்டி முழுவதற்கும் தீனியில் மருந்து கலந்து போடுகிறேன். மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் போகும்வரை அந்த மீனைச் சாப்பிடக் கூடாது. நான் வலை போட்டது எந்தத் தொட்டியில்?

கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? வேலிவரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடி போனபோது அங்கே கறி கொதித்துக்கொண்டிருந்தது.

“என்ன மாஸ்டர், தந்த மீனத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?” என்று ஹாஜரா சிரித்தார்.

“ஆமா,” என்றேன். மருந்து விஷயத்தைச் சொன்னேன்.

“நல்லா வேக வச்சித்தானே ஈக்கிது?”

“வேக வச்சா கிருமி சாகும். மருந்து போகாதும்மா.”

“அந்தத் தொட்டி மீன்தான்னு நிச்சயமா தெரியுமா மாஸ்டர்?” என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

“தெரியாது,” என்றேன். அதைச் சொல்லத்தான் அதிக வெட்கமாக இருந்தது.

ஹாஜரா மகளைப் பார்த்தார். சட்டியை இறக்கினார். கொல்லையில் குழி தோண்டி அத்தனையையும் கொட்டி மூடினார். இனி என்னோடு பேசமாட்டார் என்று நினைத்தேன்.

மாலையில் வேலிக்கு மேலாக ஒரு கோப்பை வந்தது. சோறும் பருப்பும்.

“இதுல மருந்தில்ல. பயப்படாமத் தின்னுங்க மாஸ்டர்.”

சாப்பிட்டேன். மருந்துத் தொட்டிக்குத் தனி வலை வாங்க வேண்டும். காலையில் எந்தத் தொட்டியில் வலை போட்டேன் என்பது இன்னும் நினைவுக்கு வரவில்லை.