என் கட்டுரையால் வந்த தீர்ப்பு

12-11-2007, திங்கள்

காலையிலிருந்து மழை. கோர்ட் வாசலில் செருப்பு அறுந்தது. மாதப் பத்திரிகையில் என் 'தீர்ப்பு விமர்சனம்' பக்கம் வியாழனுக்குள் கொடுக்க வேண்டும்.

எடுத்திருப்பது புதுச்சேரி சாரம் பகுதியில் ஒரு வீட்டு வழக்கு. தீர்ப்பின் சுருக்கம்தான் கையில். தனலட்சுமி, பிள்ளை இல்லாத விதவை. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை. வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டது கணவரின் தம்பி. தீர்ப்பும் அவருக்கே. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்ததால் பழைய பிரெஞ்சுச் சட்டமாம். அதில் கூடப்பிறந்தவர்களுக்குப் பின்னால்தான் மனைவி. இந்து வாரிசுச் சட்டப்படி முழு வீடும் அந்த அம்மாவுக்கு.

அபத்தம். பாஸ்போர்ட் வேறு, வாரிசுச் சட்டம் வேறு. 'இந்து வழக்கம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டம் போதும்' என்று அந்தக் காலத்தில் சர்க்காரிடம் எழுதிக் கொடுத்த குடும்பங்களுக்குத்தான் அது. இவர் கொடுத்தாரா? இவர் தாத்தா? ஒரு வரி இல்லை. கிழிகிழி என்று கிழிக்கப் போகிறேன்.

13, செவ்வாய்

முழு நகல் கிடைத்தது. வராந்தாவில் நின்றே படித்தேன். ஏழாம் பக்கம். தம்பியின் வக்கீல் ஆதாரமாகக் கொடுத்தது ஒரு பத்திரிகைக் கட்டுரை. 'பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரித் தமிழருக்குப் பிரெஞ்சு வாரிசுச் சட்டமே செல்லும்.' எழுதியது நான்.

மூன்று வருடம் முன்னால். பக்கம் நிரப்பும் அவசரம். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிற 'பிரான்சுக்காரங்க' என்றால் சட்டமும் பிரான்சு என்றுதான் ஊரே பேசும். நானும் அப்படியே எழுதிவிட்டேன். வக்கீலாம் வக்கீல். வெட்கம். பிறகு கோபம், என் மேலேயே.

சீனியரிடம் சொன்னேன். எழுபது வயது, கோர்ட்டில் எல்லாரும் பிரெஞ்சுக்கார 'ஐயா' போல அவரை 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கம்முனு வுட்டுடும்மா. நீ எழுதினத எவன் ஞாபகம் வச்சிக்கினு இருக்கப் போறான்?"

"அந்தம்மா வச்சிக்கினு இருப்பாங்க முசே."

15, வியாழன்

கட்டுரை கொடுத்தாயிற்று. முதல் வரி: 'பிழை முதலில் என்னுடையது; நீதிமன்றம் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டது.'

ஆசிரியர் போனில்: "மேடம், கோர்ட்ட திட்டுங்க, போடறேன். நம்மள நாமளே திட்டிக்கினா பத்திரிகை மானம் போயிடும். அந்த மொத வரி வேணாம்."

"அந்த வரி இல்லன்னா கட்டுரையே இல்ல."

"அப்ப உங்க பக்கம் காலியா?"

"காலியாவே வுடுங்க. மேல என் பேர மட்டும் போடுங்க."

பத்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார். போடுகிறாராம், முணுமுணுத்துக்கொண்டே.

வாங்க: ரீஃபில், மிளகாய்த்தூள், கொசுவத்தி.

மாலை சாரம். தனலட்சுமி அம்மா கதவைத் திறந்ததும் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, எழுதறதுக்கு முன்னாடி எங்களாட்டம் ஒருத்தர வந்து கேட்டிருக்கக் கூடாதா? எங்கூட்ல யாரும் எங்கயும் எழுதிக் குடுக்கலியே."

அவருடைய வக்கீல் அப்பீல் வேண்டாம் என்றாராம். நான் போடுகிறேன் என்றேன்.

"உன்ன எப்டி நம்பறது?"

நியாயமான கேள்வி. கடைசியில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

26, திங்கள்

மேல் கோர்ட். அப்பீலும் தடை மனுவும். தம்பியின் வக்கீல் சிரித்துக்கொண்டே என் பழைய கட்டுரையை நீட்டினார்.

நீதிபதி: "இது எழுதினது நீங்கதானே?"

"நான்தான் ஐயா. தப்பா எழுதினேன். அச்சுலயே ஒத்துக்கிட்டேன்." புது இதழைக் கொடுத்தேன்.

படித்தார். அந்தப் பக்கம் திரும்பினார். "இந்தக் குடும்பம் எழுதிக் குடுத்த பதிவு எதாவது இருக்கா?"

வக்கீல் ஃபைலைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்புக்கு இடைக்காலத் தடை.

வெளியே படியில் தனலட்சுமி அம்மா. "ஜெயிச்சிட்டமா?"

"இல்லம்மா. கேஸ் முடியற வரிக்கும் உங்கள யாரும் வெளிய அனுப்ப முடியாது. அவ்ளோதான்."

"அது போதும். மொட்டமாடி ஒழுவுது. நாளைக்கே ஆளு வச்சி பூசிடறேன்."