இரண்டு முழங்கால் மெத்தைகள்

அன்பான அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

பண்டாரவளைக் குளிரில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நான் சுகம். வாவிக்கரை ஆஸ்பத்திரி வேலை பழகிவிட்டது.

இங்கே நம் அங்கிலிக்கன் சபையும் மெதடிஸ்த சபையும் ஒன்றாகி, அவர்களுடைய பழைய கோவிலில் கூடுகிறோம். ஜெபத்தில் நாம் முழங்காலிடுவோம், அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஞாயிறு தெரியாமல் அவர்கள் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டு, நான் மட்டும் முழங்காலிட்டேன். அருகிலிருந்த தவமலர் அக்கா, "தனியாவா நிக்கிறாய் புள்ள? நானும் வாறன்" என்று இறங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவருக்காக நான் உட்கார்ந்தே ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால், எனக்காக அவர் முழங்காலில்! இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

தரை வெறும் சீமெந்து. அம்மா தைத்த என் முழங்கால் மெத்தையை அனுப்புங்கள். அம்மா போனபிறகு அவருடையதும் சும்மாதானே கிடக்கிறது. அதையும் சேர்த்து வையுங்கள், அக்காவுக்கு.

டியூட்டிக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
ஹெப்சிபா