எல்லாரும் சந்தில் திரும்பினால்

பிப்ரவரி 6, வெள்ளி

நேற்றோடு கெடு முடிந்தது. முந்நூற்றுச் சொச்சம் கட்டுரைகள். பாதிக்கு மேல் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்து விழுந்தவை. கணினி வலையமைப்பில் நெரிசல் வராமல் தடுப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்கிற கூட்டம், அதைப் பற்றிய கட்டுரையை அனுப்ப ஒரே வாசலில் ஒரே நேரத்தில் முட்டி மோதியது. தளம் படுத்துவிட்டது. மாநாட்டுக்கு என்னோடு இணைத்தலைவராக இருப்பவர் போனில் சிரித்தார்: "நமக்கு இது வேணும்ங்க, நல்லா வேணும்."

அவருக்கு நான் வைத்த பெயர் கத்திரிக்கோல். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பாதியாக்கித்தான் திருப்பித் தருவார். நாங்கள் இருவரும் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று மதிப்பீட்டாளர்களைப் பிடிக்க வேண்டும். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. படித்ததைப் பற்றி மாநாட்டு நாள் வரை வெளியே மூச்சு விடக் கூடாது. அதுதான் விதி.

பிப்ரவரி 11, புதன்

புதன் என்றால் சித்தப்பா. என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர். ஐம்பத்திரண்டு வயது, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தொலைபேசி நிலையத்தில் எஞ்சினியராக இருந்துவிட்டு, நல்ல வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தார். சித்தப்பா என்பது ஆய்வகப் பிள்ளைகள் வைத்த பெயர். நேரில் நான் அவரை சார் என்கிறேன், அவர் என்னை மேடம் என்கிறார். யாருக்கு யார் வழிகாட்டி என்று பார்ப்பவர்கள் குழம்பினால் அவர்கள்மேல் தப்பில்லை.

மூன்று வருடமாக ஒரே விஷயம். வலையில் எந்த வழி அடைபடப் போகிறது என்று முன்கூட்டியே ஊகித்து, அடைபடும் முன்பே தரவை வேறு வழியில் திருப்பிவிடுவது. இன்றும் அருமையான வரைபடம் கொண்டுவந்தார். "பொண்ணு கேக்குறா மேடம், அப்பா, நீயா நானா, யாரு முதல்ல பட்டம் வாங்கப் போறதுன்னு." அவர் சிரித்தால் அறையே சிரிக்கும்.

பிப்ரவரி 13, வெள்ளி

217-ஆம் எண் கட்டுரை.

படித்தேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

பெரிய சாலை அடைபடப் போகிறது என்று ஒருவனுக்கு மட்டும் தெரிந்தால் அவன் சந்தில் திரும்பித் தப்பிவிடுவான். எல்லாருக்கும் தெரிந்தால்? எல்லாரும் சந்தில் திரும்புவார்கள். சந்து அடைத்துக்கொள்ளும், சாலை காலியாகக் கிடக்கும். 217 சொல்வது இவ்வளவுதான். ஆனால் கணக்கோடு சொல்கிறது. ஊகிக்கிறவர்கள் பெருகப் பெருக ஊகம் பொய்த்துப்போகும், எவ்வளவு கெட்டிக்கார ஊகமானாலும்.

சித்தப்பாவின் சோதனைகள் எல்லாவற்றிலும் ஊகிப்பவர் ஒரே ஒருவர்தான்.

ஐயோ. மூணு வருஷம். இப்ப நான் என்ன பண்றது?

பிப்ரவரி 18, புதன்

சித்தப்பா ஒரு தாள் நீட்டினார். விடுதிக் கட்டடத்து வலையில் தன் முறையை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். என் கையெழுத்து வேண்டும். அது முடிந்தால் எழுத உட்கார்ந்துவிடலாம் என்கிறார்.

"இதையே எல்லாரும் ஒரே நேரத்துல செஞ்சா என்ன ஆகும் சார்?" — நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. எந்த வழிகாட்டியும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான். 217-ஐப் படிக்காமல் இருந்திருந்தால் நானே ஒருநாள் கேட்டிருக்கலாம், கேட்காமலும் போயிருக்கலாம். இன்று கேட்டால் அது என் கேள்வி இல்லை, திருடிய கேள்வி. யாரோ முகம் தெரியாதவர்கள் என்னை நம்பி அனுப்பியது.

"மேடம், உடம்பு சரியில்லையா?" என்றார். விடுதி நிர்வாகம் முதலில் ஒத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் எதற்கும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியம்.

வீட்டில் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொல்ல முடியாத விஷயம் என்றேன். இவர் பல் டாக்டர். "வலிக்கும்னா முன்னாடியே சொல்லிடணும். அதுதான் எங்க தொழில்ல மரியாதை" என்றார். உங்கள் தொழிலில் வாயைத் திறக்கச் சொல்வீர்கள், என் தொழிலில் மூடச் சொல்கிறார்கள் என்றேன். ஊமை கண்ட கனவு என்பார்களே, அதுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

கத்திரிக்கோலிடம் பேசினேன். 217-இலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

"எழுதினது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

"அது ஜெயிக்கணும்னு எனக்கு இருக்கு." காரணத்தையும் சொன்னேன். மாநாட்டில் வெளிவந்தால் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும், ஒரு வருடமாவது மிஞ்சும். தள்ளிவிட்டால் எப்போது வெளிவருமோ, யார் கண்டது.

"விலகிடுங்க. நாங்க பாத்துக்கறோம். ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்தை கூடாது" என்றார். வெட்டாமல் பேசியது இதுதான் முதல் தடவை.

தளத்தில் ஒரு பெட்டியைத் தட்டினேன். 217 திரையிலிருந்து மறைந்துவிட்டது. இனி அதை யார் மதிப்பிடுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. மண்டையிலிருந்து மறைக்கத்தான் பெட்டி இல்லை.

மார்ச் 4, புதன்

தலைவலி என்று சந்திப்பைத் தள்ளிப்போட்டேன். தலைவலி இல்லை.

மார்ச் 11, புதன்

விடுதி நிர்வாகம் ஒத்துக்கொண்டுவிட்டது! காப்பாளருக்குப் பழைய தொலைபேசி இணைப்பு ஒன்றில் எப்போதோ சித்தப்பா உதவியிருக்கிறாராம். நல்லவராக இருந்து தொலைக்கிறாரே இந்த மனிதர். அடுத்த வாரம் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

போட்டால், குழி இருப்பது தெரிந்தே நடக்க விடுகிறேன். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார். என்ன சொல்வேன்?

மார்ச் 18, புதன்

பல்கலைக்கழகக் கூட்டம். சந்திப்பு இல்லை. தப்பித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 25, புதன்

போட்டுவிடுவது என்று முடிவெடுத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா வந்தார், உட்காரவில்லை.

"கையெழுத்து வேண்டாம் மேடம். அந்தத் தாளக் குடுத்துடுங்க. இந்த வேலைய நான் நிறுத்திக்கறேன்."

"என்ன சார் சொல்றீங்க?"

"காரணம் கேக்காதீங்க. கேட்டா பொய் சொல்லணும். உங்ககிட்ட பொய் சொல்லிப் பழக்கமில்ல."

கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் ஏதாவதா? மகளுக்கு ஏதாவதா? இல்லை, அந்த முகம் அப்படி இல்லை. ஒன்றரை மாதமாக நான் கண்ணாடியில் பார்க்கிற முகம் அது. தமக்குப் பிடிபடாத கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் வெளியாள் ஒருவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதியதே நான்தான். இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர்—

வேண்டாம். நான் விலகியவள். இதற்கு மேல் யோசிக்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஏப்ரல் 8, புதன்

சித்தப்பா ஆய்வகத்தில் தாறுமாறாகக் கிடந்த வயர்களையெல்லாம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். அவரும் சிரித்தார், அறை சிரிக்கவில்லை.

போகும்போது கேட்டார், "அம்பத்திரண்டு வயசுல முதல்லேர்ந்து ஆரம்பிச்சா ஊர் சிரிக்கும்ல மேடம்?"

"சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும் சார்."

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 25, சனி

தேர்வுக் குழுக் கூட்டம். காலையிலிருந்து வாதம், சமாதானம், மறுபடி வாதம். 217-இன் முறை வந்ததும் நான் எழுந்து வெளியே போனேன். தாழ்வாரத்தில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மற்றவற்றுக்கெல்லாம் ஐந்து நிமிடத்தில் தலையெழுத்தை எழுதியவர்கள் இதற்கு மட்டும் எவ்வளவு நேரம்! உள்ளே குரல்கள் ஏறின, இறங்கின. யாரோ மேசையைத் தட்டினார்கள்.

கத்திரிக்கோல் கதவைத் திறந்து, "வாங்க, அடுத்ததுக்குப் போகலாம்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கட்டை விரலை லேசாக உயர்த்தினார். சேர்த்தாயிற்று.

ஜூன் 10, புதன்

சித்தப்பாவோடு டீ. மழை வருமா வராதா என்று பேசினோம். புதன்கிழமைகளில் இப்போது வானிலைதான்.

ஆகஸ்ட் 19, புதன்

மாநாடு. பெரிய கூடம், சில்லென்ற குளிர். 217-க்கு இன்று பெயரும் முகமும் வந்தன. ஒல்லியாக ஒரு பெண் மேடையேறிப் பேசினாள், நன்றாகவே பேசினாள். சித்தப்பா எனக்குப் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

முடிக்கும்போது அந்தப் பெண், "ஒண்ணு சொல்லணும்" என்றாள். "நாங்க முதல்ல அனுப்பினதுல நாலாவது பகுதி தப்பு. அது விழுந்தா எல்லாமே விழுந்துடும். ஒரு மதிப்பீட்டாளர் அதைக் கண்டுபிடிச்சாரு. அதோட விட்டிருந்தா எங்க கட்டுரை குப்பைக்குத்தான் போயிருக்கும். ஆனா எப்படிச் சரி பண்ணலாம்னு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினாரு. யாருன்னு தெரியாது. இங்க இருந்தீங்கன்னா, ரொம்ப நன்றி."

கூடம் கைதட்டியது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவும் தட்டிக்கொண்டிருந்தார், மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், காது இரண்டும் சிவந்துபோய். தனக்கே கைதட்டுகிற மனிதரை இன்றுதான் பார்க்கிறேன். அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியதோடு விட்டிருந்தால் போதும். அவருடைய மூன்று வருடம் பிழைத்திருக்கும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கைதட்ட முடியவில்லை, கண்ணைத் துடைக்கவே இரண்டு கையும் போதவில்லை.

இடைவேளையில் டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தார்.

"மேடம், இப்ப பேசலாமா?"

"பேசலாம் சார்."

"எத்தன பேர் திரும்பற வரைக்கும் சந்து தாங்கும்? அதுக்கு ஒரு எல்லை இருக்கணும்ல? அதைக் கண்டுபிடிக்கலாம்னு தோணுது. ரொம்ப நாளா உங்ககிட்ட கேக்கணும்னு—"

"எனக்கும் அதேதான் ரொம்ப நாளா."

டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். "உங்களுக்குமா? எப்பலேர்ந்து?"

"பிப்ரவரி."

"நான் மார்ச்" என்றார்.

பிறகு சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, பழைய மாதிரி. அடுத்த அமர்வுக்கு மணி அடித்தது. நாங்கள் உள்ளே போகவில்லை.