மஞ்சள் முயலின் குரல்

அக்கா மகளின் கையிலிருந்த மஞ்சள் முயல் "வாங்க வாங்க" என்றபோது நான் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று திரும்பி உன்னைத் தேடினேன். நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

திருச்சி ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் தீம் பார்க் அது. உள்ளே நுழையும்போதே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முயல் கொடுக்கிறார்கள். அங்கங்கே கேரட் பொம்மைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போகப் போக முயலின் காது வேகமாக மினுக்குகிறது. இன்னொரு பிள்ளை முயலோடு எதிரே வந்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டு வரவேற்கின்றன. நாம் செய்தது அணில். அது தேடியது கொய்யாப்பழம். மினுக்கியது வால். மற்றபடி என்ன வித்தியாசம், நீயே சொல். அணிலுக்குள் நீ பேசிப் பதிந்து வைத்ததும் இதே "வாங்க வாங்க"தான்.

முயல் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். "இத யாருங்க செஞ்சது?"

"சைனா மேக்குக்கா."

"சைனாக்காரன் வாங்க வாங்கன்னு தமிழ்ல பேசுவானா?"

"அக்கா, பின்னாடி லைன் நிக்கிது, கொஞ்சம் அங்கிட்டு தள்ளுங்க."

நம் காலேஜில் கடைசி வருட ப்ராஜெக்ட் என்றால் திருச்சிக்குப் பஸ் ஏறுவது என்று அர்த்தம். அங்கே கடை போட்டு விற்கிறார்கள். சர்க்யூட், ரிப்போர்ட், வைவாவில் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் ஒரே பையில். வாங்கி வருவதைக் காலேஜும் கண்டுகொள்ளாது. நம் கைடு சார் நல்லவர் மாதிரிதான் பேசினார். "ஏம்மா சிரமப்படுறீங்க? கடையில வாங்குனா டெமோல கண்டிப்பா ஓடும்." நீ சிரிக்காமல் சொன்னாய்: "அப்ப டிகிரியும் அங்கயே வாங்கிக்கிறோம் சார்."

நீ யாரையும் நம்பியதில்லை. அணிலைச் சோதிக்கச் சித்தன்னவாசல் பூங்காவுக்குப் போனோமே, அன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைகள் அணிலைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக ஓடினார்கள். உன் கண் மட்டும் அவர்கள் மேல் இல்லை.

"அங்கிட்டுப் பாரு, அந்த ஆளு நம்மளையே போட்டோ எடுக்குறான்."

"பொண்டாட்டிய எடுக்குறான்டி."

"எடுக்கட்டும். நீ மொதல்ல அணில பைக்குள்ள வையி."

வாட்ஸ்அப்பில்கூட நீ பேசி அனுப்பியதில்லை. "நாளைக்கு எவனாச்சும் வெட்டி ஒட்டி எங்கயாச்சும் போடுவான்" என்பாய். எழுத்துதான், அதுவும் ஒற்றை வரி.

வைவாவில் அணில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அதுதான் வினையாகப் போயிற்று. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் சார் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "எந்தக் கடை?" நீ அணிலின் வயிற்றைத் திறந்து, ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாய். "இப்ப ஓடாது சார். கடைக்காரனக் கூப்புட்டு மாட்டச் சொல்லுங்க. வரலைன்னா நாங்க மாட்டுறோம்." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மாட்டினோம், ஓடியது. கடையில் வாங்கி வந்தவர்களுக்கு நம்மைவிட மார்க் அதிகம் விழுந்தது.

செய்த பொருளை டிபார்ட்மென்டிலேயே விட்டுப் போக வேண்டும் என்பது விதி. விட்டால்தான் சான்றிதழ். விட்டோம். சான்றிதழ் வாங்கப் போன அன்று கண்ணாடி அலமாரியில் அணில் இல்லை. "ஜூனியர்ஸ் யாராச்சும் எடுத்திருப்பாங்க" என்றார் கைடு சார், ஜன்னலைப் பார்த்தபடி. யார் எடுத்தார்கள், யாரிடம் விற்றார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் ஏன் நம் முகத்தைப் பார்க்கவில்லை என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

பிறகு நீ சென்னைப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனாய். இன்ஜினியர் என்று எடுத்து, போல்ட் முடுக்க நிறுத்தினார்கள். காய்ச்சலோடு லீவு கேட்டபோது, ஆள் இல்லை, ஷிஃப்டை முடித்துவிட்டுப் போ என்றார் சூப்பர்வைசர். முடித்துவிட்டுத்தான் கறம்பக்குடி வீட்டுக்கு வந்தாய். அந்தக் காய்ச்சலிலிருந்து நீ எழுந்திருக்கவே இல்லை. ஊரில் எல்லாரும் விதி என்றார்கள். சூப்பர்வைசருக்கு விதி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார். "அவ கொரலு ஒம் போன்ல எங்கயாச்சும் கெடக்கா ஆத்தா? தேடிப் பாத்தியா?" இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் பார்க்கிலிருந்து நேராகக் கறம்பக்குடிக்குப் போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தேன்.

அவர் சின்னவளின் முயலைக் காதோடு அழுத்திக்கொண்டு ஊஞ்சல் பக்கம் நின்றார். சின்னவளை இன்னொரு பிள்ளையின் முயலோடு சுற்றிச் சுற்றி வரவிட்டேன். முயல் திரும்பத் திரும்பப் பேசியது. "வாங்க வாங்க. இன்னொருத்தரும் வந்துட்டாங்க." அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முயலைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டார்.

"இது எம்மவ இல்ல ஆத்தா. அவ என்னைக்கி ஒருத்தரப் போயி வாங்க போங்கன்னா? பெத்தவளையே வாடி போடிம்பா." சொல்லிவிட்டுச் சிரித்தார். "எங்கிட்டோ எவளோ பேசுறா."

லேப்பில் நீ அணிலுக்காகப் பதிவு செய்ததை அவர் கேட்டதில்லை. "ஏய், இங்கிட்டு வாடா" என்றுதான் முதலில் பேசினாய். பொது இடத்தில் வைக்கிற பொம்மை மரியாதையாகப் பேச வேண்டும் என்றார் கைடு சார். அன்றைக்கு உனக்குச் சளி. மூக்கடைத்த குரலில், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, வேறு யாரோ போலப் பேசினாய். இந்த முயலும் மூக்கடைத்துத்தான் பேசுகிறது. அது நீதானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

லேப் கதையை உன் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெளியே போகும் கேட் வந்துவிட்டது. ஒரு கூடை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் முயலை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சின்னவள் அழுதாள். உன் அம்மா அவள் விரல்களை மெல்லப் பிரித்து முயலை வாங்கி, கூடையில் வைத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அது நீ என்று தெரிந்துவிட்டால், அவர் ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறி வருவார். ஒவ்வொரு வாரமும் உன்னை அந்தக் கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும்.